மழைத் தீவில் ஓர் இரட்டைத் தொட்டி யந்திரம்

வருஷத்திற்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற பிரதேசத்தில் துணியைத் துவைப்பது பெரிய காரியமன்று; துவைத்த துணியை உலர்த்துவதே பெரிய காரியம். சென்னை மாநகரம் ஒரு வருஷத்தில் பெறுகிற மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இம்மழை, மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கி, வடகிழக்குப் பருவக்காற்றையும் தழுவிக்கொண்டு, டிசம்பர் வரையில் அந்தமானை விட்டு அகலுவதில்லை. நடுவே வெயில் தலைகாட்டுகிற நாட்களிலும், நாற்புறமும் சமுத்திரம் சூழ்ந்திருக்கும் காரணத்தால், காற்றிலுள்ள ஈரம் தணிவதில்லை. கொடியில் போட்ட வேஷ்டி மூன்றாம் நாளும் சில்லென்றே இருக்கும். அதற்கப்பால் முடைநாற்றம் எடுக்கும். அதற்கும் அப்பால், மடிப்புகளில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்து, எந்தச் சோப்புக்கும் அடங்காமற் போகும்.

இத்தகைய ஊரில், 1980களின் கடைசியிலும் 1990களிலும் வீடுகளுக்கு வந்து சேர்ந்த இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினைப் பற்றி ஜனங்கள் இன்றும் வாஞ்சையோடு பேசுகிறார்களென்றால், அதைப் பழமையின்மேல் கொண்ட மோகமென்று ஒதுக்கிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். இத்தீவுகளின் மழையையும் மின்சாரத்தையும் குழாய்த் தண்ணீரையும் கப்பல் போக்குவரத்தையும் பற்றி ஒரு தலைமுறை பெற்ற அனுபவ ஞானம் அந்த வாஞ்சைக்குள் அடங்கியிருக்கிறது. சிறு பழுதுக்காக, இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய அந்த யந்திரங்கள் காயலான் கடைக்குப் போவதைக் காண மனம் பொறுக்கவில்லை.

நம் மூதாதையர் தமிழ்நாட்டில் அறிந்த சலவை வேறு விதமானது. அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, பானையின்மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவிட்டு, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து, மணற்பரப்பில் விரித்து உலர்த்துகிற வெள்ளாவி முறைக்கு, ஓடுகிற ஆறும் அகன்ற கரையும் காய்கிற வெயிலும் வேண்டும். அந்தச் சிரமம் முழுவதையும் ஒரு சமூகத்தாரின் முதுகில் தலைமுறை தலைமுறையாக ஏற்றிவைத்திருந்தோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்கு அந்த ஆறும் இல்லை, அந்த வெயிலும் இல்லை. 2011ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 15 பேருக்குத் தாய்மொழியாக விளங்குகிற தமிழைப் பேசுகிற வீடுகளில், மழைக்காலமானால் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் குழந்தைகளின் துணிகளைக் காயவைப்பதே வழக்கமாக இருந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் புகை வாடை வீசும். அதற்காக எந்த ஆசிரியரும் பிள்ளைகளைக் கோபித்ததில்லை, அவர்கள் வீட்டுத் துணிக்கும் அதே வாடைதான்.

துணி உலர்த்தும் யந்திரமே சீதோஷ்ணத்தின் கொடுமையிலிருந்து பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் கடுங்குளிரில் தன் தாயார் ஈரத்துணியை வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டு அவதிப்படுவதைச் சகிக்க மாட்டாமல், ஜே. ராஸ் மூர் என்பவர் ஒரு கொட்டகைக்குள் அடுப்பை வைத்துத் துணி உலர்த்தத் தொடங்கினார். அந்த யோசனை வளர்ந்து, 1930களின் பிற்பகுதியில் கடையில் விற்கிற டிரையராக உருவெடுத்தது. விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிய நம் பெண்மணிகளும் அதே யோசனையைத்தான் செய்தார்கள். அதைப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுப்பதற்கு அருகில் ஒரு தொழிற்சாலை இல்லாமற்போயிற்று. போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் ஆரம்பமான 1858ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் சுழலும் சலவை யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார் என்பதை நினைக்கும்போது, அந்த வசதி இங்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்ததே என்ற ஆதங்கம் எழுகிறது.

வந்ததும் சுலபமாக வந்துவிடவில்லை. வீடியோகான், பி.பி.எல். முதலிய கம்பெனிகளின் யந்திரங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றிய காலம் அது. அமெரிக்க வேர்ல்பூல் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் சலவை யந்திரத் தொழிற்சாலை அமைத்ததும் 1980களின் பிற்பகுதியில்தான். ஆனால், புதுச்சேரியிலோ சென்னையிலோ இருப்பவருக்கு மெஷின் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற தூரம் சில மைல்; இங்கே இருப்பவருக்கு அது மூன்று நாள் கடற்பிரயாணம். விடுமுறைக்குச் சென்னை போன குடும்பங்கள், தியாகராய நகரில் விலை பேசி வாங்கிய பெட்டியைக் கோணிப்பை சுற்றிக் கயிற்றால் இறுக்கி, துறைமுகத்தில் கூலியாட்களிடம் மன்றாடிக் கப்பலில் ஏற்றி, பங்க் வகுப்பில் அதன் பக்கத்திலேயே படுத்துவந்த கதைகளை, போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

அப்படி வந்த யந்திரத்தின் அமைப்பு எளிமையே உருவானது. பெரிய தொட்டியின் அடியில் வரிவரியாக மேடிட்ட வட்டத் தட்டு ஒன்று இப்புறமும் அப்புறமும் மாறி மாறிச் சுழன்று தண்ணீரைக் கலக்கும். பதினைந்து நிமிஷம்வரை திருகிவைக்கிற டைமர், உள்ளே சுருள்வில்லும் பற்சக்கரமும் கொண்டு, கிர்கிர்ரென்ற மெல்லிய ஓசையோடு பின்னோக்கி வந்து நிற்கும். மின்சாரம் நடுவில் போனால் கவலையில்லை. திரும்பி வந்ததும், டைமரை மறுபடி திருகிவிட்டால் யந்திரம் வேலையைத் தொடரும். குழாயில் வேகமாகத் தண்ணீர் வரவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. தானிகாரி அணையை நம்பியிருக்கும் போர்ட் பிளேரில், கோடை முற்றினால் நாள் விட்டு நாளும், அதனினும் இடைவெளி விட்டும் தண்ணீர் வருவது வழக்கம். தகரக் கூரையிலிருந்து டிரம்மில் பிடித்துவைத்த மழை நீரை வாளியால் மொண்டு ஊற்றினாலும் இந்த யந்திரம் முகங்கோணாமல் துவைக்கும். முதலில் வெள்ளைத் துணி, அடுத்துச் சீருடை, பிறகு சாயத் துணி, கடைசியில் கால்மிதியும் தரைத்துணியும் என்று ஒரே சோப்பு நீரை நான்கு முறை பயன்படுத்தி, மிச்சத்தை முற்றம் கழுவவும் விட்ட சிக்கனத்தை நம் தாய்மார்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. யந்திரம் அதற்கு இடம் கொடுத்தது.

இருந்தாலும் அவர்கள் மனத்தைக் கவர்ந்தது பக்கத்திலிருந்த சிறிய தொட்டியே. துணியைச் சுற்றிவரச் சமமாகப் பரப்பி, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தட்டை அதன்மேல் அழுத்தி, மூடியைச் சாத்தித் திருகினால், அது முதலில் முனகி, பிறகு வேகம் பிடித்து, ஒரே சீராக இரையும். துணி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மெஷினே தடதடவென்று ஆடி இடம்பெயரும். மூடியைத் தூக்கியவுடன் பிரேக் வயர் இழுத்து நிறுத்தும். அவிழ்த்துப் பரப்பி மறுபடி வைக்க வேண்டும். தரையோரம் விட்ட குழாயில் முதலில் பீறிட்டு வந்த தண்ணீர் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுபோகும்போது, கனத்த போர்வைகூடக் கையில் இலேசாக வரும். தொடர் மழை நாட்களில் அண்டை வீட்டார் ஈரத்துணி வாளியோடு வந்து, துவைக்கக் கேளாமல் பிழிந்துகொண்டு மட்டும் போவது சகஜமாயிருந்தது. தெருவில் ஒரு மெஷின் இருந்தால் அது தெருவுக்கே மெஷின்.

இதன் மதிப்பைக் கணக்காலும் காட்டலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இது இயற்கையின் விதி, எந்தக் கம்பெனியும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. ஆகவே, வெப்பத்தால் துணி உலர்த்துகிற சாதாரண டிரையர், ஒரு முழு ஈடு துணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் குறையாமல் இழுத்துக்கொள்ளும். பிழியும் தொட்டியோ நீரை ஆவியாக்குவதில்லை, உதறி எறிகிறது; ஐந்து நிமிஷ ஓட்டத்துக்கு ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் செலவாகாது. வட அந்தமானில் கல்போங் ஆற்றின் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும், அண்மையில் வந்த சூரியசக்தி நிலையங்களும் போக, இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வருகிற டீசலை எரித்தே உற்பத்தியாகிறது. பெரும்பாலான நீரைச் சுழற்சியாலேயே வெளியேற்றிவிட்டு, மீதியை ஒரு மின்விசிறியின் காற்றுக்கு விட்டுவிடுகிற குடும்பம், அந்த டீசலில் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது.

பழுது பார்ப்பதிலும் இதற்கு நிகரில்லை. பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்: இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு கண்டென்சர், இரண்டு டைமர், பிழியும் தொட்டியின் அச்சில் நீர் இறங்காமல் தடுக்கிற ஒரு ரப்பர் சீல். மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டென்சரை மாற்று. சுற்றியும் தட்டு நகரவில்லையென்றால் பெல்ட்டைப் பார். அடியில் நீர் கசிந்தால் சீலைப் பிடி. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் ஒரு மெக்கானிக் சைக்கிள் கேரியரில் கட்டிவந்த ஒரு பையைக் கொண்டே இவ்வளவையும் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று இரும்புத் தகட்டின் காலை அரித்துவிட்டபோது, அவரே படாக் மரப் பலகையில் ஒரு பீடம் அடித்து யந்திரத்தைத் தூக்கி வைத்தார். வீடியோகான் நிறுவனம் 2018இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதன் பெயர் தாங்கிய யந்திரம் பொதுவான பெல்ட்டும் கண்டென்சரும் கொண்டு, தன்னைச் செய்த கம்பெனிக்குப் பின்னும் உயிர் வாழ்கிறது.

புதிய தானியங்கி யந்திரங்களின் குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அவற்றின் மூளையாகிய மின்னணுப் பலகை, இங்குள்ள வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் உப்பு ஈரத்துக்கும் எளிதில் பலியாகிறது. பலகை போனால் முழுப் பலகையையும் மாற்று என்பதே கம்பெனியின் வாக்கு. அது சென்னையிலிருந்து வரும்வரை மழைக்காலத்தில் பாதி கழிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கே நேர்ந்த அனுபவம் இது. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கு அவசியமில்லை.

ஓர் ஆட்சேபம் நியாயமானது. ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு ஈரத்துணியைத் தூக்கிப்போட ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நின்றவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தார். பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குப் போகிற இன்றைய பெண்ணைப் பார்த்து, பழைய யந்திரத்தோடு நில் என்று சொல்ல எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. சுவீடன் நாட்டு வைத்தியப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங், தம் வீட்டுக்கு முதல் சலவை யந்திரம் வந்தபோது அவருடைய பாட்டி அது ஓடி முடியும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்கிறார். மிஞ்சிய நேரத்தில் தாயார் தமக்குப் புத்தகம் வாசித்ததையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்த நேரத்தைப் பெண்களிடமிருந்து திரும்பப் பறிக்க வேண்டியதில்லை. யந்திரத்தோடு நிற்பது வீட்டிலுள்ள எல்லோருடைய முறையுமாக இருக்கட்டும். ஆண்பிள்ளைக்கும் டைமரைத் திருகத் தெரியும்.

நான் கோருவது, பழையதை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு வழி அடைபடாமல் இருக்க வேண்டுமென்பதே. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் வருஷம் ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வருஷ டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. வீட்டு உபயோக யந்திரங்களும் அதில் அடக்கம். இணையதளத்தில் விலாசம் கிடைப்பது நல்லதுதான். ஆனால், லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பேயில் இருப்பவருக்கு வேண்டியது பெல்ட். மின்னணுக் கழிவு விதிகள் வாஷிங் மெஷினையும் பட்டியலில் சேர்த்து, கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியிருக்கின்றன. முறையாக அழிப்பதற்காக மீண்டும் கப்பலேற்றி மெயின்லாண்டுக்கு அனுப்பவேண்டிய ஒவ்வொரு யந்திரமும், ஒரு கண்டென்சரால் இங்கேயே காப்பாற்றப்படக்கூடியதா என்று முதலில் பார்ப்பதுதான் முறை.

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் தலைநகர் போர்ட் பிளேரின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வீட்டு யந்திரப் பழுதுபார்ப்பைத் தனிப் பாடமாக வைத்து, ஊரிலுள்ள பழைய மெக்கானிக்குகளைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக அழைக்கலாம். வயதாகிவரும் அவர்களுடைய கைத்திறனை வாங்கிக்கொள்ள இதுவே தருணம். மாயாபந்தர், ரங்கத், டிக்லிபூர், ஹட்பே, கேம்பல்பே ஆகிய இடங்களிலுள்ள கூட்டுறவுப் பண்டகசாலைகள், அரிசியும் பருப்பும் வைக்கிற அலமாரிகளுக்குப் பக்கத்தில் பெல்ட், கண்டென்சர், டைமர், ரப்பர் சீல், பிரேக் வயர் ஆகிய ஐந்தையும் வருஷம் முழுவதும் இருப்பு வைக்க வேண்டும். எல்லாமே ஒரு தகரப் பெட்டியில் அடங்கிவிடுகிற சாமான்கள். தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பலில் அதற்கு இடம் ஒதுக்குவது நிர்வாகத்துக்குப் பெரிய பாரமன்று. அடுத்த மே மாதத்திற்கு முன் இதைச் செய்து முடிக்கலாம்.