கேட்டால் குற்றமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

வேலை! இரண்டே எழுத்து. இந்த இரண்டெழுத்துக்காகத்தான் நாம் பதினைந்து ஆண்டுகள் படிக்கிறோம். இதற்காகத்தான் நம் தாய்மார்கள் காதிலிருப்பதைக் கழற்றுகிறார்கள். நம் தந்தைமார்கள் முன்பின் தெரியாதவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இரண்டெழுத்தைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், வீட்டிலிருக்கும் ஒற்றை நாற்காலி அவருக்குத்தான்!

எங்கள் வீட்டு நாற்காலியிலும் சென்ற கோடை விடுமுறையில் அப்படி ஒருவர் வந்து அமர்ந்தார். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நான் கொண்ட கருத்தையும் நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கதையில் எனக்குப் பெருமை சேர்ப்பது அதிகமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி. அப்பா கொத்தனாருக்குச் சித்தாள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாம் ஆண்டுத் தேர்வை எழுதிவிட்டு ஊருக்குப் போனபோது, ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் என்னைத் தேடி வந்தன.

முதலாவது, துபாயில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. மாதம் 1,200 திர்ஹாம். நம் பணத்தில் 27,000 ரூபாய்க்குக் குறையாது. தங்குமிடம் இலவசம், சாப்பாடு நம் பொறுப்பு. ஏஜெண்டுக்கு 1,20,000 ரூபாய் கொடுக்க வேண்டும். முதலில் சுற்றுலா விசாவில் போய், அங்கே போனபின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசி பொருத்தும் ஆலை ஒன்றில், ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை. சம்பளம் 19,500 ரூபாய் என்றார்கள். விடுதி உண்டு, பேருந்து உண்டு. பதிவுக்கும் சீருடைக்கும் சேர்த்து 3,000 ரூபாய் கட்டி, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டில் எதற்குப் போனாலும் படிப்பை நிறுத்த வேண்டும். "படிச்சு முடிச்சா மட்டும் கலெக்டராவா ஆகப்போறே? இப்பவே கிளம்பினா மூணு வருசத்துல வீட்டைக் கட்டிரலாம் தம்பி" என்றார் துபாய்க்காரர். ஓட்டு வீட்டின் ஒழுகும் மூலையைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார். அப்பாவும் அந்த மூலையைப் பார்த்தார். நான் ஊர் வந்து சேருமுன்பே, அம்மாவின் தோட்டை அடகு வைத்து 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பது அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

27,000 பெரிதா, 19,500 பெரிதா? ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட விடை சொல்லும். நானும் அந்தக் குழந்தையைப் போலத்தான் கணக்குப் போட்டேன். இருந்தாலும் இரண்டு இரவுகள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பேருந்து ஏறி, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன்.

அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. கேள்விகள்தாம் கேட்டார்.

"மாதக் கடைசியில கையில எவ்வளவு நிக்கும்?"

"தெரியலை ஐயா."

"சம்பளம் போடறது ஆலையா, ஒப்பந்தக்காரரா?"

"தெரியலை ஐயா."

"ஏஜெண்டு அரசுகிட்டப் பதிவு பண்ணினவரா?"

"தெரியலை ஐயா."

"சரி, கேட்டியா?"

"கேக்கலை ஐயா."

"ஏன்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று இருக்கிறது. நம் வீடு தேடி வந்து நல்லது செய்ய நினைப்பவரைக் கேள்வி கேட்டால் அவர் மனம் புண்படுமே என்று நான் கூச்சப்பட்டேன். அவர் பிழைப்பே அந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பேராசிரியர் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தார். இருவருமாகக் கணக்குப் போட்டோம். ஆலைக்காரர் சொன்ன 19,500 என்பது, ஓர் ஆளுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அதைத்தான் சி.டி.சி. என்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 13,000 என்று வைத்துக்கொண்டோம். அதில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, அதாவது 1,560 ரூபாய். நம் பங்கும் அதே 1,560. இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, நம் பங்கு 0.75 விழுக்காடு. அவை முறையே 565, 131. எல்லாம் போகக் கைக்கு வருவது 15,684. விடுதிக்கும் உணவுக்கும் பிடிப்பதாகச் சொன்னது 3,500. மிஞ்சுவது 12,184 ரூபாய்! வைப்பு நிதி நம் பணம்தான்; எங்கும் போய்விடாது. ஆனால் அதை வைத்து இந்த மாத அரிசியை வாங்க முடியாதே!

அடுத்து, துபாய்க் கணக்கு. 27,000-இல் சாப்பாட்டுக்கு 8,000 போனால் 19,000. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் 1,20,000 எங்கள் ஊரில் மூன்று வட்டிக்குத்தான் கிடைக்கும். மாதம் 3,600 வட்டி. அசலை இரண்டு ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் 5,000. மிஞ்சுவது 10,400 ரூபாய்! அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பது உண்மையே. ஆயினும் முதல் மாதங்களில் நிலைமை இதுதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விடை தலைகீழாகிவிட்டதைப் பாருங்கள்!

இரண்டாண்டுகளில் கடன் தீர்ந்துவிட்டால் துபாய் வேலைதானே இலாபம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சுற்றுலா விசா சில வாரங்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். வாரக் கணக்கில் அளந்து தந்த விசாவை நம்பி, இரண்டாண்டுக் கடனை வாங்குவது எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் நடுவண் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 35,400. அதற்கும் இரசீது தரவேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்தோம். எங்கள் வீட்டு நாற்காலியில் அமர்ந்தவரின் பெயர் அதில் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டாத புட்டியை நாம் தொடமாட்டோம். உள்ளே இருப்பது தண்ணீராகவும் இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம். இந்தப் பாடத்தைக் கற்ற முதலாம் ஆண்டு மாணவன் நான்! அந்தப் பாடம் என் வீட்டு வாசலில் மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

ஊருக்குத் திரும்பி, அவரிடம் பதிவு எண்ணைக் கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அண்ணே, உங்க பையன் நாலெழுத்துப் படிச்சதும் என்னையே கேள்வி கேக்கறான். இருக்கறது ரெண்டே சீட்டு. நாளைக்குள்ள சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். அப்பா அவரோடு தெருமுனைவரை போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முன்பணம் 10,000 திரும்பி வரவேயில்லை. கொடுத்ததற்குச் சீட்டுமில்லை, சாட்சியுமில்லை. அம்மாவின் காதில் இன்றும் வேப்பங்குச்சிதான் இருக்கிறது.

ஆலை வேலைக்கும் நான் போகவில்லை. ஆனால் என் வகுப்பு நண்பன் ஒருவன் போனான். அவனுக்கு அப்பா இல்லை. படிக்கிற வயதில் இரண்டு தங்கைகள். வீட்டுக்கு 12,000 ரூபாய் வருவது அவனுக்குப் பெரிய காரியம். போவதற்கு முன் அசல் சான்றிதழ்களைத் தர மறுத்து நகல்களை மட்டுமே கொடுத்தான். பணி ஆணையை எழுத்தில் வாங்கிக்கொண்டான். அவன் செய்தது தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தெரிந்து போனான்; அது வேறு. தெரியாமல் போவது வேறு.

வெளிநாடு போவதும் தவறென்று நான் கூறவில்லை. கடல் கடந்து போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளும், படித்த பிள்ளைகளும் எங்கள் பக்கத்து ஊர்களில் ஏராளம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978-லேயே தமிழ்நாடு அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்பது அதன் பெயர். வாசலுக்கு வரும் தரகரைத் தெரிந்த அளவுக்கு நம்மில் எத்தனை பேருக்கு அதைத் தெரியும்?

"இதெல்லாம் படிக்காதவர்களுக்கு நேர்வது, பட்டதாரிகளை ஏமாற்ற முடியுமா?" என்பார் உண்டு. 2022-ஆம் ஆண்டை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். கணினி தெரிந்தவர்களுக்கென்றே விரித்த வலை அது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். தேறியவருக்கு அது தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது சட்டம் நம்மீது வைத்துள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதி உடையவர்களாக இருக்கிறோமா? எந்த அதிகாரியும் நம் ஒப்பந்தத்தைப் பார்க்கப்போவதில்லை என்றால், அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாமே அல்லவா?

ஆகவே என் கருத்து இதுதான். முதல் தலைமுறைப் பட்டதாரிகளான நம்மை வீழ்த்துவது ஆங்கிலம் தெரியாமை அன்று. அறிவுக் குறைவும் அன்று. கேட்கக் கூசுவதுதான் நம்மை வீழ்த்துகிறது. அந்தக் கூச்சத்தைப் பணிவு என்று நாம் தவறாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். கடையில் கால் கிலோ கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், மூன்றாண்டு வாழ்க்கையைப் புரட்டிப் பாராமல் வாங்கலாமா?

அவசரம் என்பது தரகர் விற்கும் முதல் சரக்கு. "இன்றே சொல்லு, இரண்டே இடம்" என்று யார் சொன்னாலும், அந்த இரண்டு இடங்களும் நமக்கு வேண்டாம் என்று துணிவோம். நல்ல வேலை நம் கேள்விக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேர்முகத் தேர்வில் பதில் சொல்ல எங்களுக்குப் பயிற்சி தருகிறீர்கள். நன்றி. கேள்வி கேட்கவும் பயிற்சி தாருங்கள். பருவத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு பணி ஆணையையும் ஒரு சம்பளச் சீட்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். இதை எங்கள் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. என் அப்பா தம் வாழ்நாளில் சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட அப்பாக்களே அதிகம்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், தம் மகனுக்கு வந்த ஒரு வேலைக்கான தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார். "இவன்கிட்டக் காட்டுங்க. கேக்க வேண்டியதைக் கேட்டுச் சொல்லுவான்" என்றார். அன்று தெருமுனைவரை போய்ச் சமாதானம் சொன்ன அதே அப்பாதான்!

வீட்டுக்கு வருபவருக்கு நாற்காலி போடுவது நம் பண்பாடு. அதை விட வேண்டாம். ஆனால் எதிரே நமக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நேருக்கு நேர் அமர்ந்து கேட்போம். கேட்டால் குற்றமில்லை, நண்பர்களே!