அளவறிந்து செய்தல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களில் காலணி செய்வோர், தோலை வெட்டுமுன் பாத வடிவிலான அச்சை முடிவுசெய்வர். அச்சு பிழைத்தால் உயர்ந்த தோலும் காலைக் கடிக்கும். இந்தியாவில் நெடுங்காலம் அயல்நாட்டுப் பாத அளவுகளே வழங்கிவந்தன. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரின் பாதங்களை அளந்த பின்னரே நமக்குரிய அளவுமுறை உருப்பெறலாயிற்று.

மென்பொருளுக்கும் இந்நெறி பொருந்தும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யின் வரிசை பெரும்பாலும் வலப்புறமும் அமைந்தன. ‘க’ விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். எழுதுவோரின் கையும் மொழியின் இயல்பும் அங்கே அளந்தறியப்பட்டன. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வரும். தமிழ்த் தொடரின் அமைதியும் அதுவே.

நிரலாக்கத்துக்கு ஆங்கிலமே போதும் என்பாருளர். உலகத்தோடு இணைந்து பணிபுரிய ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தொழிற்கூடக் கணினியில் தோன்றும் பிழைச்செய்தி விளங்காத தொழிலாளி, தமக்கு அறிவு போதவில்லை என்று நொந்துகொள்வது முறையாகுமா? காலணி கடித்தால் எவரும் காலைக் குறைகூறுவதில்லை. ஆகவே நிரல் எழுதுவோர், முதற்கண் பயன்படுத்துவோரின் அருகமர்ந்து அவர்தம் கைகள் தயங்கும் இடங்களைக் காண வேண்டும். அளவெடுக்காமல் தைப்பது தொழிலாகாது.