அண்ணன் ஸ்கிப் செய்த சீன்! - 2002-ன் ‘வைஸ் சிட்டி’யை இன்று விளையாடினால்..?

“கார் கேம் ஆடுனவன் வேற என்னவா ஆவான்... டிரைவராத்தான் ஆவான்!”

எங்கள் வீட்டில் பத்து வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் வசனம் இது. சொல்பவர் அப்பா. சொல்லப்படுபவர், ஷார்ஜாவில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருக்கும் என் அண்ணன். அந்தக் ‘கார் கேம்’தான் இந்த வாரம் நாம் தூசி தட்டப்போகும் ஜி.டி.ஏ: வைஸ் சிட்டி.

இப்போது ஏன்? ஜி.டி.ஏ வரிசையின் ஆறாவது பாகத்தை 2026 நவம்பர் 19-ம் தேதி வெளியிடப்போவதாக ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருக்கிறது. 2013-ல் வந்த ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு இத்தனை வருட இடைவெளி. கதை நடக்கும் ஊர், மறுபடியும் அதே வைஸ் சிட்டி. எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் புது டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர் ஞாபகத்துக்கு வந்தது. 2020 லாக்டவுனில் தள்ளுபடிக்கு வாங்கி, ஒருமுறைகூடத் திறக்காமல் ஸ்டீம் கணக்கில் போட்டுவைத்திருந்த ஒரிஜினல் வைஸ் சிட்டியை அன்று ராத்திரியே இன்ஸ்டால் செய்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கம்

2007 வாக்கில் அண்ணனுக்கு 12 வயது, எனக்கு 8. ஒரு மணி நேரம் 20 ரூபாய். டியூஷனுக்குப் போகிற வழியில் அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போவான். பாசத்தால் அல்ல, தனியாகப் போனால் நான் வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்பதால்! உள்ளே இருந்த ஒற்றை சேரில் அவன் உட்கார்வான். நான் பின்னால் நின்றுகொண்டு, சோசியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும் சீட் கோடுகளை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். ‘பேன்சர்’ என்று தட்டினால் வானத்திலிருந்து விழுந்ததுபோல ஒரு டாங்க் வந்து நிற்கும். ‘லீவ் மீ அலோன்’ தட்டினால் துரத்தும் போலீஸ் விலகிவிடும். ‘ஆஸ்பிரின்’ தட்டினால் உடம்பு தேறிவிடும்.

2012-ல் அண்ணன் பிளஸ் டூ வந்தபோது தமிழக அரசின் இலவச லேப்டாப் கிடைத்தது. முதல் நாளே அதில் ஏறியது வைஸ் சிட்டிதான். அது ஓட 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசஸரும், 128 எம்.பி ராமும் இருந்தாலே போதும். அதனால் எந்த லேப்டாப்பிலும் ஓடியது. மதுரையில் மணிக்கணக்கில் கரன்ட் போய்க்கொண்டிருந்த வருடம் அது. இருட்டில் ஊரே விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் நீல வெளிச்சத்தில் ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் அண்ணன் கணக்கில் ஃபெயில். ஜூனில் எழுதிப் பாஸ் செய்துவிட்டான். ஆனாலும், அப்பா மனதில் கேஸ் அன்றைக்கே முடிந்துவிட்டது. குற்றவாளி, அந்த கேம்.

அப்பா சொன்னது சரிதானா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு விதி போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். சீட் கோடு கிடையாது. எந்தக் காட்சியையும் ஸ்கிப் செய்யக் கூடாது.

ஊமைப் படம் பேசியது!

முதல் அதிர்ச்சி, சத்தம். நாங்கள் விளையாடியது, சைஸைக் குறைப்பதற்காகப் பாட்டையும் வசனத்தையும் உருவி எடுத்த திருட்டு காப்பி என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. காரில் ஏறியதும் ரேடியோ பாடுகிறது! ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித் தொகுப்பாளர், தனி ரசனை, நடுவில் கிண்டல் விளம்பரங்கள். 1986-ல் நடக்கும் கதை என்பதால் எல்லாம் எண்பதுகளின் பாடல்கள். பாட்டுகளின் உரிமம் முடிந்ததால், மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ உட்படச் சில பாடல்கள் இப்போதைய பதிப்புகளில் இல்லை.

இரண்டாவது அதிர்ச்சி, கதை. அண்ணனைக் கேட்டால், “கதையா? கார எடுத்தோமா, அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டுனோமா, அம்புட்டுத்தேன்” என்பான். 15 வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வரும் டாமி வெர்செட்டியை, பழைய முதலாளி சோனி ஒரு வேலையாக வைஸ் சிட்டிக்கு அனுப்புகிறான். முதல் சில நிமிடங்களிலேயே பேரம் சொதப்பி, பணமும் போய் சரக்கும் போய்விடுகிறது. அந்தப் பணத்தைத் தேடுவதில் தொடங்கி, ஊரையே பிடிப்பதுவரை போகிறது கதை. 1983-ல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் சாயல் நிறைய. டாமிக்குக் குரல் கொடுத்தவர், ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தின் நாயகன் ரே லியோட்டா. 2022-ல் காலமானார். இத்தனை நல்ல குரலை நாங்கள் ஊமையாக்கி வைத்திருந்தோம்!

இன்றைக்கு ஆடினால் எப்படி இருக்கிறது?

நேர்மையாகச் சொல்கிறேன். முதல் நான்கு நாள் கடுப்பாக இருந்தது.

பாதி மிஷனில் தோற்றால், மறுபடி முதலிலிருந்துதான். நடுவில் விட்ட இடம் என்று ஒன்று கிடையாது. அடிபட்டு விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்போம், கையில் இருந்த ஆயுதங்கள் எல்லாம் போயிருக்கும். மிஷன் தொடங்கும் இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போக ஒரு டாக்ஸி வந்து நிற்கும், அதற்கும் 9 டாலர் கட்டணம். கேமை சேவ் செய்ய வேண்டுமென்றால், நமக்கென்று இருக்கும் அறைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய், சுழன்றுகொண்டிருக்கும் கேசட்டைத் தொட வேண்டும். ‘இங்கே திரும்பு’ என்று ரோட்டில் கோடு போட்டுக் காட்டும் வழிகாட்டியும் இல்லை. மேப்பைப் பார்த்து நாமே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டாமிக்கு நீச்சலும் தெரியாது. கடல் சூழ்ந்த ஊரில், தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது.

குட்டி ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்டி, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நான்கு குண்டுகளை வைக்கும் ‘டெமாலிஷன் மேன்’ மிஷன் ஞாபகம் இருக்கிறதா? இடது கை எழுத்துகளில், வலது கை எண்களில், கண் கடிகாரத்தில். ஒன்பதாவது முயற்சியில்தான் முடித்தேன். பிரவுசிங் சென்டரில் அண்ணன் இந்த மிஷனோடு கதையை மூட்டை கட்டிவிட்டு ‘பேன்சர்’ பக்கம் போனதில் தப்பே இல்லை!

ஆனால், ஐந்தாம் நாளில் ஒன்று கவனித்தேன். மேப்பைத் திறக்காமலே ஓட்ட ஆரம்பித்திருந்தேன். எந்த மூலையில் திரும்பினால் ஆஸ்பத்திரி, எந்தப் பாலத்தில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஊர் சின்னது, இரண்டு பெரிய தீவுகள்தான். அதிலும் இரண்டாவது தீவுக்குப் போகும் பாலங்களை, புயல் எச்சரிக்கை என்று சொல்லி ஆரம்பத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். அதனாலேயே முதல் தீவு நம் தெருவைப்போல ஆகிவிடுகிறது. இன்றைய பெரிய கேம்களில் மைல் கணக்கில் ஓட்டுகிறோம், வழிகாட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டே. ஊரைப் பார்ப்பதில்லை. வைஸ் சிட்டியில் ஊரைப் பார்க்காமல் ஓட்டவே முடியாது.

அப்பா கட்சியில் நியாயம் உண்டு

அதே சமயம், அப்பாவின் புகாரை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. இது குழந்தைகளுக்கான கேம் இல்லை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், பிரிட்டனில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி விற்கப்பட்டது. போதைப்பொருள், கொலை, கெட்ட வார்த்தை எல்லாம் தாராளம். ஹைத்தி நாட்டு மக்களைப் பற்றிய ஒரு வசனத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பி, அதைப் பிறகு நீக்கினார்கள். 12 வயதுப் பையன் ஆடிய இந்த கேமின் அட்டையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க அட்டையே இல்லை, மார்க்கரில் பெயர் எழுதிய சி.டி-தான் இருந்தது. சென்டரில் வயது கேட்டவரும் இல்லை.

ஆனால், அப்பா பயந்தது இதற்கெல்லாம் அல்ல. திரையில் என்ன ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவருக்கு அது வெறும் ‘கார் கேம்’. அவர் கோபமெல்லாம், பையன் படிக்கவும் இல்லை, தன் பிரஸ்ஸுக்கும் வரவில்லை என்பதுதான்.

ஆமாம், அப்பா அச்சகத்துக்காரர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து நோட்டீஸ் என்று டிரெடில் மெஷினில் அடித்துக்கொண்டிருந்தார். ஆஃப்செட் வந்து, ஃபிளெக்ஸ் வந்து, கடைசியில் 2014-ல் மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு பிரஸ்ஸை மூடினார்.

அந்த சீன்

மூன்றாவது வாரம். கதையில் டாமி ஊருக்குள் ஒவ்வொரு தொழிலாக விலைக்கு வாங்கும் கட்டம். ஐஸ்க்ரீம் கம்பெனி, டாக்ஸி கம்பெனி, சினிமா ஸ்டூடியோ. அந்த வரிசையில் 70,000 டாலருக்கு ஓர் அச்சகமும் வருகிறது. வாங்கிவிட்டு உள்ளே போனேன். காட்சி ஓட ஆரம்பித்தது.

எனக்குப் பின்னால் ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, மெஷினைப் பார்த்ததும் பேப்பரை இறக்கிவிட்டார்.

“பாப்பா, அது என்ன பிரஸ்ஸா?”

“ஆமாப்பா.”

“மறுக்கா போடு.”

மறுக்கா போட வழியில்லை. அந்த மிஷனை வேண்டுமென்றே தோற்று, வந்து மறுபடி தொடங்கினேன். அப்பா சேரை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஊரையே நடுங்கவைக்கும் டாமி, அந்த வயதான அச்சகத்துக்காரரிடம் சின்ன வயது ஞாபகங்களைச் சொல்கிறான். அவனுடைய அப்பாவும் இதே மாதிரி மெஷினில்தான் வேலை பார்த்தாராம். சாயங்காலங்களில் அவரோடு போய் ரோலர் துடைப்பானாம். அப்பா தொழிலுக்கே வந்துவிடலாம் என்றுதான் இருந்தானாம், ஆனால் வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். சில வரிகள். அடுத்த நிமிடமே பேச்சு கள்ள நோட்டுக்குப் போய்விடுகிறது.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உங்க அண்ணனும் ரோலர் துடைச்சிருக்கான். நாலாப்பு படிக்கையில. மண்ணெண்ணெய் வாடை ஒத்துக்கலைன்னு நாந்தேன் வராதேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் இதைச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். “அப்படி ஒரு சீன் இருக்கா? படம் வந்தாலே நான் பட்டனத் தட்டி விட்டுருவேனே!” என்று சிரித்தான். பிறகு அவனாகவே, “அப்பா ரோலர் துடைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கு. எனக்கு அந்த வாடை பிடிக்கும்” என்றான். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடியும் பேச்சு, அன்று பால் பொங்கி, காபி கலந்து, ஆறிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு என்ன?

கேம் அண்ணனைக் கெடுத்ததா? கணக்கில் ஃபெயில் ஆனதில் அதற்குப் பங்கு உண்டு, அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால், அவன் டிரைவர் ஆனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஷார்ஜாவில் இத்தனை வருடத்தில் ஒரு ஃபைன்கூட வாங்காமல் ஓட்டுகிறான். வைஸ் சிட்டியில் ஒரு சிக்னலில்கூட நிற்காத அதே ஆள்தான்!

விளையாட ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய பதிப்பு ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருந்தால், செட்டிங்ஸில் ‘ஃபிரேம் லிமிட்டரை’ ஆன் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால், புது கம்ப்யூட்டரின் வேகத்துக்கு கேம் தாறுமாறாக நடந்துகொள்ளும். புதிதாக வாங்குபவர்களுக்கு 2021-ல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ இருக்கிறது. வந்த புதிதில் பிழைகளுக்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால், தோற்ற மிஷனை உடனே தொடரும் வசதியும், மேப்பில் வழி காட்டும் வசதியும் அதில் உண்டு. எதுவானாலும் 18 வயதுக்கு மேல்தான்.

பெற்றோர்களுக்கு ஒன்று. புதிய பாகம் வரும்போது உங்கள் வீட்டிலும் பேச்சு கிளம்பும். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், சேரை இழுத்துப்போட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எதை வேண்டாம் என்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

நான் கடைசி மிஷனை மட்டும் இன்னும் ஆடவில்லை. டிசம்பர் லீவுக்கு வரும்போது தானே முடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். எதையும் ஸ்கிப் செய்யக் கூடாது என்பது மட்டும் அப்பா போட்ட கண்டிஷன்.