சராசரிக்குள் ஒளியும் பதர்

வங்கத்துப் போரோ நெல்லின் விளைச்சலை மாதச் சராசரி வெப்பநிலையோடு பொருத்திக் கோடு வரைந்து, 'காலநிலைத் தாக்கம்' எனத் தலைப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. நெற்பூ மாதக் கணக்கு அறியாது. பெரும்பாலும் முற்பகலில், ஏறத்தாழ ஒரு மணி நேரமே உமி திறந்து மூடுகிறது. அவ்வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தப்பை சரிவர வெடிப்பதில்லை, சூல்முடியில் போதிய மகரந்தம் விழுவதில்லை, மணி பதராகிறது. மறுநாள் மழை பெய்து சராசரி இறங்கலாம். அந்தப் பூ மீண்டும் திறக்காது. (பதர் என்னும் சொல் மனிதரை ஏசவும் வழங்குகிறது, இங்கே ஏச்சுக்குரியது நெல்லன்று.)

அந்த 35-உம் வேதவாக்கன்று. வறண்ட காற்றில் பயிர் நீராவியை வெளியிட்டுக் கதிரைக் குளிர்வித்துக்கொள்ளும். புழுக்கத்தில் அது எளிதன்று. ஈரப்பதத்தை விட்டுவிட்டுத் தக்காணத்தையும் வங்கத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது சோம்பல்.

வெயில் ஏறுமுன் பூத்து முடிக்கும் பண்பை ஒரைசா அஃபிசினாலிஸ் என்னும் காட்டு நெல்லிலிருந்து பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் பயிர்ப் பெருக்கவியலாளர்கள். அவர்கள் மணிக்கணக்கில் சிந்திக்கையில் அட்டவணைகள் மட்டும் மாதத்தை விட்டு இறங்க மறுப்பதேன்? பூத்த நாளும் மணிவாரி வெப்பமும் ஈரப்பதமும் இல்லாத கட்டுரையை நெறியாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.