சொன்னதும் என்ன சொன்னார்கள்?

காலையிலே எழுந்தால் விரல்கள் மடங்காது. காப்பி ஃபில்டரைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகித்தான் திறப்பேன். எந்நேரமும் ஈரத்திலே நிற்கிறோம், அதுதான் என்று ஆறு மாதம் தள்ளிப் போட்டேன். இரண்டு மணிக்கட்டும் ஒரே சமயத்தில் வீங்கின பிறகுதான் டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு, "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் என்பார்களே, அது" என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் மூட்டுகளைத் தாக்குகிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாம். அடியோடு போகாது, ஆனால் சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம் என்றார்.

நோயைக்கூடத் தாங்கிக்கொண்டேன், சகோதரிகளே. அதை நாலு பேரிடம் சொன்னபோது கிடைத்த பதில்கள் இருக்கிறதே!

மாமியார் முதலில் கேட்டது, "ஒட்டுமா?" ஒட்டாது என்றதும், "எனக்கும்தான் முட்டி வலி. நான் சொல்லிக்கிட்டா இருக்கேன்?" என்றார். (அவருடையது வயதானால் வரும் தேய்மானம். என்னுடையது வேறு. விளக்குவதற்குள் சீரியல் ஆரம்பித்துவிட்டது.) எதிர் வீட்டு அம்மாள், "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். நாத்தனார் புளியை நிறுத்தச் சொன்னார், இன்னொருவர் கிழங்கை, மற்றொருவர் தயிரை. கடைசியில் எனக்கு மிஞ்சியது வெந்நீர்தான். யாரோ ஒரு கட்டு முடக்கத்தான் கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள். தோசை வார்த்தேன், ருசியாகவே இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். என் சித்தப்பா சொன்னதுதான் வினையாகிவிட்டது. மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தவர், "மெத்தோட்ரெக்ஸேட்டா? இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாச்சே!" என்றார். பயந்துபோய் ஐந்து வாரம் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ரவிக்கை கொக்கிகூட மாட்ட முடியாமல், என் பெண் மாட்டிவிடும் நிலைமை வந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. புற்றுநோய்க்குக் கொடுப்பது மிகப் பெரிய அளவு, இது சிறிய அளவு என்று விளக்கினார். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறிப்போய் தினமும் போட்டால் ஆபத்து. அவ்வப்போது ரத்தமும் ஈரலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, வேறு மருந்து தருவார்கள்.

என் வீட்டுக்காரர் கேள்விப்பட்ட அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் சமையலறைக்குப் போனால், ஊறுகாய் ஜாடி முதல் எண்ணெய் பாட்டில் வரை எல்லா மூடிகளும் தளர்த்தி வைக்கப்பட்டிருந்தன. இன்று வரை எங்கள் வீட்டில் எந்த மூடியும் இறுக்கமாக இருப்பதில்லை. எறும்பு வருகிறது, அது வேறு கதை.

அக்கா மட்டும், "பொண்ணுக்கு வரன் பார்க்கிற சமயம். வெளியே மூச்சு விடாதே" என்றாள். போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டை என் பையன் தூக்கிவந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் அம்மா, "கையிலே என்ன?" என்று கேட்டார். "சுளுக்கு" என்றாள் அக்கா. எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். "பரம்பரையா வருமா?" என்றார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும், ஆனால் வந்தே தீரும் என்றில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள்.

மூன்று வாரமாயிற்று. அக்கா என்னோடு பேசுவதில்லை. நேற்று ராத்திரி என் பெண்ணிடம், "என்னாலேதானேடி?" என்று ஆரம்பித்தேன்.

"அவங்க கிடக்கட்டும்மா. இன்னிக்குச் சனிக்கிழமை. மாத்திரை போட்டியா?" என்றாள்.