பதிலிடுபெயரா, சுட்டுப்பெயரா?

ஆங்கிலத்தில் 'புரோநவுன்' என வழங்குவது பெயருக்குப் பதிலாக வரும் சொல் என்னும் வரையறை, தமிழில் ஆராயப்படாமலேயே நிலைபெற்றுவிட்டது. 'பிரதிப்பெயர்', 'மாற்றுப்பெயர்' என்னும் கலைச்சொற்கள் அதன் விளைவுகளே. இவ்வரையறை தமிழுக்கு மட்டுமன்றி ஆங்கிலத்திற்கே பொருந்தாது என்பது ஈண்டு வலியுறுத்தத்தக்கது.

ஒரே பெயர் பன்முறை வருவதைத் தவிர்க்கவே இச்சொற்கள் பயன்படுகின்றன என 1795இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கண நூலில் லிண்ட்லி மர்ரே கூறினார். அவ்வாறாயின் பெயரை மீண்டும் இட்டாலும் பொருள் மாறலாகாது. 'ஒவ்வொரு மாணவனும் தான் வெல்வதாக நம்புகிறான்' என்னும் கருத்தை ஆங்கிலம் 'ஹி' என்னும் சொல்லால் உணர்த்தும். அவ்விடத்தில் முற்பெயரையே இட்டால், 'ஒவ்வொரு மாணவனும், ஒவ்வொரு மாணவனும் வெல்வதாக நம்புகிறான்' என்றாகும். முன்னது தன்னம்பிக்கை, பின்னது அனைவர்மீதும் கொண்ட நம்பிக்கை. பதிலிடல் கொள்கையின் இக்குறையைப் பீட்டர் கீச் 1962இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். மேலும், 'ஐ', 'யூ' என்னும் தன்மை, முன்னிலைச் சொற்களுக்கு முற்பெயரே வேண்டுவதில்லை. அவை எப்பெயருக்குப் பதிலாக வந்தன?

முற்பெயர் என்னும் பெயரும் முழுதும் பொருந்துவதன்று. 'ஹி வந்தபோது கண்ணன் களைத்திருந்தான்' என்னும் அமைப்பில், சுட்டு முன்னும் பெயர் பின்னும் நிற்பினும், வந்தவன் கண்ணனே எனக் கொள்ள ஆங்கிலம் இடந்தரும். தமிழில் 'அவன் வந்தபோது கண்ணன் களைத்திருந்தான்' எனின், வந்தவன் வேறொருவன் என்றே பெரும்பாலும் பொருள்படும். இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் நுட்பமாக உணர்ந்திருந்தார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரே முற்பட வேண்டும் என்றும், சுட்டு முற்படுதல் செய்யுட்கு உரியது என்றும் கிளவியாக்கத்தில் அவர் விதித்தார். 'அவன்' என்பதை உயர்திணைப் பெயராகவும், 'தான்', 'நீ' என்பவற்றை விரவுப்பெயராகவும் பெயரியலில் வைத்தாரேயன்றி, பிறிதொன்றின் பதிலியாக வைத்தாரல்லர்.

தொடக்கநிலை மாணவர்க்குப் பதிலிடல் விளக்கம் எளிது என்பர். எளிமை பிழையை மெய்யாக்காது. 'ஹிஸ்' என்னும் ஒரு சொல் நிற்குமிடத்தில் தமிழ் 'தன்' என்றும் 'அவன்' என்றும் இரண்டாகப் பிரித்துரைக்கும். 'கண்ணன் முருகனிடம் ஹிஸ் வீடு விலைபோயிற்று என்றான்' எனின், வீடு எவனுடையது என்பது ஆங்கிலத்தில் ஐயம். 'தன் வீடு' எனின் அது கண்ணனுடையதெனத் தமிழில் தெளிவு. பதிலிடல் ஒன்றையே கற்ற மொழிபெயர்ப்பாளர் இருவகைக்கும் 'அவனுடைய' என்றே எழுதி, ஆங்கிலத்தின் ஐயத்தைத் தமிழிலும் விதைக்கின்றனர். பிற மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தின் வழியே தமிழ் கற்போர்க்கு இவ்விழப்பு இன்னும் பெரிது.

ஆதலின், 'பிரதிப்பெயர்' முதலிய சொற்களைப் பாடநூல்களினின்று நீக்கி, சுட்டுப்பெயர், மூவிடப்பெயர் என்னும் மரபுச் சொற்களை மீண்டும் ஆளுதல் வேண்டும். இது பழம்பெருமை பேசுதலன்று. ஆங்கிலத்தையும் தமிழையும் உள்ளவாறு விளக்கும் நெறியாகும்.