மன்னார் வளைகுடா பவளப்பாறை: சாட்டிலைட் கண்ணுக்குத் தப்புவது என்ன?

தூத்துக்குடி:

தூத்துக்குடியில் இருந்து ராமேசுவரம் வரை கரையை ஒட்டி 21 குட்டித் தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். மீனவர்கள் பேச்சில் இது 'பார்'. எந்தப் பாரில் எந்த மீன் கிடைக்கும் என்பது வலை போடுகிறவர்களுக்கு மனப்பாடம். இதே பார்களைத்தான் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளும் படம் பிடிக்கின்றன. அதை வைத்து மேப் போடுகிறார்கள்.

எதுக்கு இந்த மேப்? 1986-ல் இந்தப் பகுதியில் 560 சதுர கி.மீ. கடல்சார் தேசிய பூங்கா ஆனது. உள்ளே போகத் தடை, கெடுபிடி எல்லாம் வந்தது. பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. பாறை எங்கே உயிரோடு இருக்கு, எங்கே செத்துப்போச்சு என்று சரியாகத் தெரியாமல் காவல் போட்டு என்ன பயன்?

சூரிய வெளிச்சம் தண்ணீருக்குள் போய் தரையில் பட்டுத் திரும்புகிறது. மணல் பளிச்சென்று தெரியும், பாறை கருப்பாகத் தெரியும். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் கேமரா ஒன்று 5.8 மீட்டர் அளவை ஒரு புள்ளியாகப் பார்க்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட்டுக்கு ஒரு புள்ளி 30 மீட்டர். அதுக்குள்ளே இரண்டு மூன்று வள்ளத்தை வரிசையாக நிறுத்தலாம்! உலகம் முழுக்க உள்ள பவளப்பாறைகளை 'ஆலன் கோரல் அட்லஸ்' 2021-ல் மேப் போட்டு முடித்தது.

சிக்கல் இனிமேல்தான். காற்றுக் காலத்தில் கடல் கலங்கினால் தரையே தெரியாது. தண்ணீர் தெளிந்திருந்தாலும் உயிருள்ள பவளமும், செத்த பாறை மேல் படர்ந்த பாசியும் மேலே இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே கருப்புதான். குருசடை தீவில் வெளிநாட்டு கப்பாபைகஸ் பாசி பவளத்தை மூடி அமுக்கியது. ஆள் இறங்கிப் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

2016 வெயிலில் கடல் சூடாகி பவளம் வெளுத்தது. அப்போது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் முங்கிப் போய் அளந்தார்கள். 38.9 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளம் 22.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. மேப்பில் பாறையின் எல்லைக் கோடு இதனால் மாறியிருக்காது. பாறை அங்கேயேதான் இருக்கிறது, உயிர்தான் இல்லை.

அதுக்காக சாட்டிலைட் சும்மா என்று சொல்லிவிட முடியாது. கடல் சூட்டை அளப்பதில் அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அந்தக் கணக்கை வைத்துத்தான் பவளம் வெளுக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. தீவு தேய்வதையும் படம் அப்பட்டமாகக் காட்டும். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் ஒரு காலத்தில் பவளக் கல்லை வெட்டித் தள்ளினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவும் போய்விடாமல் இருக்கத்தான் அதைச் சுற்றி செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

எந்த மேப்பாக இருந்தாலும் பல இடங்களில் கடலில் இறங்கிச் சரிபார்த்தே ஆக வேண்டும். எங்கே இறங்குவது என்பதற்கு ஒவ்வொரு பாரின் பேரும் தெரிந்த மீனவரைப் படகில் ஏற்றிக்கொண்டால் பாதி நாள் மிச்சம். டீசலும் மிச்சம்.